வெட்டாத படம்

"அங்கனயே நில்லு சகாயம். உள்ள வராத."

ராஜபாண்டியின் வலது கை பூசை அறை வாசலின் குறுக்கே நீண்டிருந்தது. சகாயராணியின் இடது கால் வாசற்படிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்தது. படியின் மேலேயே இருந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள், அது சரியல்ல. அவள் கழுத்தில் கேமரா தொங்கியது. அறைக்குள்ளே பட்டுச்சேலையில் நின்ற சுபாஸ்ரீ, இறந்துபோன அம்மாவின் படத்துக்கு முன்னால் கூப்பிய கையை இறக்காமல் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அப்போது மணி ஒன்பதரை.

"படம் எடுக்கத்தேன் வந்தேன் அண்ணே. பொண்ணு ஆத்தாளக் கும்புடுறத எடுக்கணும்ல?"

"எடு. வேணாங்கல. வெளிய வச்சு எடு. பொண்ணு வெளிய வரும்."

"ஆத்தா எறங்கி வராதே அண்ணே."

தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த மொக்கம்மாள் சிரித்துவிட்டாள். பெண்ணின் அப்பா கர்ணனுக்கு அவள் அக்கா. ராஜபாண்டியோ பெண்ணின் தாய்மாமன். இரண்டு பேருக்கும் எந்த விசேஷ வீட்டிலும் ஒத்துப்போனதில்லை.

"என்னா சிரிப்பு? போர்டு வச்சிருக்குல்ல தெருமொனையில? ஊருக்கு ஒரு சட்டம், எந் தங்கச்சி வீட்டுக்கு ஒரு சட்டமா?"

"ஒந் தங்கச்சிதேன் அந்தா செவுத்துல இருக்காளே, அவகிட்டக் கேளு."

கர்ணன், வாழைத்தோப்பில் காற்றடித்து மரம் சாயும்போது பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சகாயராணி கேமராவைத் தூக்கினாள். பூசை அறையை நோக்கி அல்ல, ராஜபாண்டியின் கையை நோக்கி. ஒரே ஒரு முறை 'கிளிக்' என்றது.

"ஏய், என்னாத்த எடுக்குற?"

"காலையிலருந்து நடக்குறதெல்லாம் எடுக்கச் சொல்லி சுபா சொல்லிருக்கு அண்ணே. இதுவும் நடந்துச்சுல்ல."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய், மாப்பிள்ளை வீட்டாருக்காக விரித்திருந்த சமுக்காளத்தின் சுருக்கத்தை நேராக்கினாள்.

அந்தப் பலகை செவக்காட்டுப்பட்டி மேலத்தெரு முனையில் ஆடி மாதம் முளைத்தது. பலகை என்றால் பிளக்ஸ். "பிற மதத்தினர் மேலத்தெரு வீடுகளின் பூசை அறைக்குள் நுழையவோ, வழிபாட்டுப் பொருட்களைத் தொடவோ, அவற்றில் தங்கள் கைவேலையைச் சேர்க்கவோ அனுமதி இல்லை. இப்படிக்கு, வழிபாட்டுத் தூய்மைக் குழு." தலைவர் ராஜபாண்டி. அந்தக் குழு ஏன் தோன்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எந்த ஊரில் எடுத்தது என்று எவருக்கும் தெரியாத ஒரு வீடியோ தெருவின் எல்லாக் கைபேசிகளுக்கும் வந்தது உண்மை. அந்த வருடம் திராட்சையில் செவட்டை நோய் விழுந்து, தோட்டக்காரர்கள் பகலில் வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததும் உண்மை. இரண்டில் எது காரணம் என்பது தெரியாது.

பலகையின் கீழ்ப்பகுதியில் குழு உறுப்பினர்கள் ஒன்பது பேருடைய படங்கள் இருந்தன. அவற்றில் ஏழு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சகாயமாதா டிஜிட்டல் ஸ்டுடியோவில் எடுத்தவை. ராஜபாண்டியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை எடுத்துவிட்டவள் சகாயராணி. பலகை வைக்கப்பட்ட அன்று அதன் முன்னால் நின்று, தன் வேலை பெரிதாக்கியும் கெடாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். கெடவில்லை. அதன் பிறகே வாசகத்தைப் படித்தாள்.

நிச்சயதார்த்த ஆல்பம் பத்து நாளில் வந்தது. சகாயராணி எப்போதும் நடந்த வரிசைப்படிதான் படங்களை அடுக்குவாள். ஆகவே கோலம், குத்துவிளக்கு, தலை பின்னுவது, பூ வைப்பது என்ற நான்கு பக்கங்களுக்குப் பிறகு ஐந்தாம் பக்கம் முழுவதும் ஒரு கை இருந்தது. மற்றப் படங்களுக்கு என்ன அளவோ அதே அளவு. என்ன பளபளப்போ அதே பளபளப்பு.

ராஜபாண்டி அந்தப் பக்கத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். மோதிரம் நன்றாக விழுந்திருந்தது. கையும் ஒரு கோயில் கதவைக் காக்கிற கையாக இருப்பதாக அவருக்குப் பட்டது. பிறகு கைக்குப் பின்னால் பார்த்தார். அறைக்குள்ளே, சுவரில், தங்கை நாகஜோதியின் படம் தெளிவாகத் தெரிந்தது. படச் சட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் ஒரு மாதா. மாதாவுக்குக் கீழே ஸ்டுடியோவின் பெயர்.

"ஆறு வருசமா" என்றார் அவர். "ஆறு வருசமா அந்த ரூமுக்குள்ளயே இருந்துருக்கு!"

குழு கூடியது. ஏழு பேர் வந்தார்கள். 'கைவேலையைச் சேர்க்கவோ' என்ற வார்த்தை பிளக்ஸில் இருக்கும்போது தலைவரின் தங்கை வீட்டிலேயே இப்படி ஒன்று இருப்பது எப்படி என்று ஒருவர் கேட்டார். மறுநாள், உத்தமபாளையத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் சுபாஸ்ரீ கிளம்பிப் போன பிறகு, ராஜபாண்டி வந்து படத்தை இறக்கினார். தேனியிலிருந்து வந்த போட்டோக்காரன் லிங்கேஸ்வரன் அதைத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் படமெடுக்க இனி அவன்தான். பழைய சாமி படங்களை எப்படிச் செய்வார்களோ அப்படியே, சூடம் கொளுத்தி, நாகஜோதியை முல்லைப் பெரியாற்றில் விட்டார்கள்.

நான்காம் நாள் புதுப்படம் வந்தது. முன்னதைவிட இரண்டு மடங்கு பெரியது.

சுபாஸ்ரீ வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு மாமா?"

"ஒங்காத்தாதேன். கம்ப்யூட்டர்ல தெளிவாக்கிருக்கு."

"அம்மா இம்புட்டு செகப்பா?"

"சாமியா இருக்காள்ல. செகப்பாத்தேன் இருப்பா."

"தாடையில மச்சம் எங்க?"

"அது அழுக்குன்னு கம்ப்யூட்டரு எடுத்துருச்சாம்" என்றார் ராஜபாண்டி, கொஞ்சம் குரலை இறக்கி.

பழைய படத்தில் நாகஜோதி நேராகப் பார்க்கமாட்டாள். முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி, சிரிப்பு வரப்போகிற மாதிரி எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம்தான் தெருக்கதவு. வீடு திரும்பும் தன்னைத்தான் அம்மா பார்க்கிறாள் என்று பதினெட்டு வயதிலிருந்து சுபாஸ்ரீ நம்பி வந்தாள். புதுப்படத்துப் பெண் நேராக, கண்ணிமைக்காமல், எவரையும் பார்க்காமல் பார்த்தாள்.

அவர்கள் வழக்கப்படி கல்யாணப் பெண் மண்டபத்தில் தாலிக்கு முன் பெற்றவர்கள் காலில் விழ வேண்டும். தாய் இல்லையென்றால் தாயின் படத்தை மணவறைப் பக்கத்தில் நாற்காலியில் வைத்து, மாலை போட்டு, அதன் முன்னால் விழ வேண்டும். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

"நா இந்தப் பொம்பள கால்ல விழமாட்டேன்" என்றாள் சுபாஸ்ரீ. "எங்கம்மா வந்தாத்தேன் மணவறையில ஒக்காருவேன். இல்லாட்டி மாமாவே போயி ஒக்காரட்டும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் கர்ணனுக்குப் பயம் வந்தது. அன்று மாலையே அக்காவைக் கூட்டிக்கொண்டு, மேலத்தெரு வழியாகப் போகாமல் வாய்க்கால் கரையாகச் சுற்றி, ஸ்டுடியோவுக்குப் போனார்.

"சகாயம், நாகஜோதி படம் ஒங்கிட்ட இருக்கும்ல?"

"இருக்கும் அண்ணே. ஆத்துல விட்டது நகலு."

வருடவாரியாக ஒட்டிய ஹார்டு டிஸ்குகளில் ஒன்றை எடுத்துச் செருகினாள். திரையில் படம் விரிந்தது. கர்ணன் எதிர்பார்த்தது மார்பளவு நாகஜோதியை. வந்தது பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூன் பதிமூன்று, திருவிழா நாள். அந்தோணியார் சப்பரம் மேலத்தெருத் திருப்பத்தில் நிற்கிறது. நடுவில் கையில் குழந்தை இயேசுவோடு அந்தோணியார். பின்னால் குடை பிடித்த பங்குச் சாமியார். வலது ஓரத்தில் நாகஜோதி, கையில் அவள் முழங்கை உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி. அவள் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். இடது ஓரத்தில் சப்பரத்தின் கொம்பைத் தோளில் வைத்திருப்பவன் மொட்டைத்தலையில் சந்தனம் பூசியவன், கண்ணெல்லாம் மஞ்சள், விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கிறான்.

"ஆத்தி, நம்ம ராசபாண்டி!" என்றாள் மொக்கம்மாள். "மஞ்சக்காமால வந்து ஆஸ்பத்திரியில கைய விரிச்சப்ப நாகுதேன் நேந்துக்கிட்டா. எங்கண்ணே பொழச்சா மொட்ட போட்டு சப்பரம் தூக்க வப்பேன்னு. நாங் கூட வந்தேனே, ஒனக்கு ஞாபகமில்லயா தம்பி?"

கர்ணனுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருக்கிறது என்று சொல்வதில் என்ன சிக்கல் வரும் என்பதை இன்னும் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். "பழச விடு. இந்தா சகாயம், முன்னக் குடுத்தாப்ல மொகத்த மட்டும் வெட்டிக் குடு. மெழுகுவத்தி வேணாம், சப்பரம் வேணாம். மச்சானையும் எடுத்துரு."

சகாயராணி மவுசில் கை வைத்தாள். வெட்ட வேண்டிய இடம் அவள் கைக்குத் தெரியும். கட்டம்கூடப் போட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"முன்னக் குடுத்தது நாந்தேன் அண்ணே. ஒங்க தெருவுல செத்தவுக படம் முப்பத்தோரு வீட்டுக்கு நாஞ் செஞ்சிருக்கேன். அதுல பதினெட்டு இந்தத் திருவிழாவுல எடுத்தது. அப்பல்லாம் வேற எங்க படத்துக்கு நின்னாக? மெழுகுவத்திய வெட்டுனேன். பக்கத்துல நின்னவுகள வெட்டுனேன். பின்னால நீலக் கலர அடிச்சு, நெத்தியில பொட்ட பெருசாக்கிக் குடுத்தேன். நீங்களும் சந்தோசமா வாங்கிட்டுப் போனீக."

"நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தேன் இருந்துச்சு. அதப் பாத்து வளந்த பிள்ளைக என்னா நெனைக்கும்? நம்மாளுக அந்தப் பக்கம் எட்டியே பாத்ததில்லன்னு நெனைக்கும். அந்தப் போர்டுக்கு ராஜபாண்டி அண்ணன மட்டும் சொல்லக்கூடாது. பாதி நாஞ் செஞ்சது."

அவள் இன்னொன்றும் செய்திருந்தாள். அதைக் கர்ணனிடம் சொல்லவில்லை. போன வருடம் அந்தோணியார் கோயில் ஜூபிலி மலருக்காகப் பங்குப் பேரவைச் செயலாளர் இருதயம் வந்து, திருவிழாப் படங்களில் கூட்டம் நிறைய இருக்க வேண்டும், ஆனால் பொட்டு வைத்தவர்கள் இருக்கக் கூடாது என்று கேட்டார். வெட்டிப் பார்த்தபோது சப்பரத்தைத் தூக்க ஆளில்லாமல் அது காற்றில் நின்றது. கடைசியில் ஆட்களை விட்டுவிட்டுப் பொட்டுகளை மட்டும் அழித்துக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு பொட்டு. இருதயம் பாராட்டினார்.

"முழுசா வேணும்னா பெருசா போட்டு சும்மாவே தர்றேன் அண்ணே. வெட்டி மட்டும் இனிமே யாருக்கும் தர்றதில்ல. ஒங்காளுகளுக்கும் இல்ல, எங்காளுகளுக்கும் இல்ல."

"கோவத்துல சொல்றியா தாயி?" என்று கேட்டாள் மொக்கம்மாள்.

"இல்லக்கா. கை வலிக்குது."

கர்ணன் முழுப்படத்தை வாங்கிக்கொண்டார். லிங்கேஸ்வரனிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் வீட்டு வாசல்வரைதான் நிலைத்தது. சுபாஸ்ரீ, சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்துப் படத்தைப் பார்த்தாள். தாடையில் மச்சம் இருந்தது. பிறகு அம்மாவின் பார்வை போகிற திசையில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். விரல் மெழுகுவத்தியைக் கடந்து, அந்தோணியாரைக் கடந்து, மொட்டைத்தலையில் போய் நின்றது.

"மாமாவையா?" என்றாள். சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அப்பா, இதுல ஓரத்தத் தொட்டாக்கூட நா மண்டபத்துக்கு வரமாட்டேன்" என்றாள்.

கல்யாணம் சின்னமனூரில் ஒரு மண்டபத்தில், காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். அறுநூறு பேர் என்று பேச்சு. நாற்காலிகளை வைத்துப் பார்த்தால் நானூற்றைம்பதுக்கு மேல் இருக்காது. சகாயராணி மூன்றாவது வரிசையில் கேமரா இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிற மதத்தார் பந்தியில் சாப்பிடலாமா என்று குழு முந்தின நாள் விவாதித்து, பிளக்ஸில் சாப்பாடு பற்றி ஒன்றும் இல்லாததால் சாப்பிடலாம் என்று முடிவு செய்திருந்தது.

எட்டு மணிக்குத் தாய்மாமன் சீர் வந்தது. மேளத்தோடு, பதினோரு தாம்பாளத்தோடு, ராஜபாண்டி மேடையேறினார். மணவறைக்கு இடப்பக்கம் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். மேளம் நிற்காததால் அவர் முதலில் சொன்னது எவருக்கும் கேட்கவில்லை.

"...அந்தோணியார மேடையில ஏத்திட்டீகளா! நாலு ஊரு சனம் வந்திருக்கு! மாப்ள, என்னய்யா இது?"

கர்ணன் முகூர்த்தப் பட்டு வேட்டியின் முடிச்சைச் சரிபார்த்தார்.

"மாமா" என்றாள் சுபாஸ்ரீ, தலையில் கட்டிய பூக்கனத்தால் நிமிராமலே. "அம்மா யாரப் பாக்குதுன்னு பாருங்க."

ராஜபாண்டி குனிந்து பார்த்தார். முதலில் தங்கையைப் பார்த்தார். பிறகு மற்ற ஓரத்தைப் பார்த்தார். அந்த மொட்டைத்தலையனை அவர் எப்போதோ எங்கேயோ பார்த்த மாதிரி நின்றார். மூன்று நிமிடம் நின்றார் என்று சொன்னார்கள். ஒன்றரை நிமிடம் இருக்கும். அவர் முகத்தில் ஏதோ இளகியது போலிருந்தது. அதை உறுதியாகச் சொல்வதற்குள் மொக்கம்மாள் மாலையோடு வந்துவிட்டாள். சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய ஆளுயர மாலை. அவள் பின்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், படத்தில் இருப்பவர்கள் நெற்றியில் வைக்கச் சந்தனமும் குங்குமமும் கொண்டு வந்தார்கள்.

"தள்ளு ராசா, மாலையப் போடட்டும்."

"நில்லு! நில்லு மதினி!" ராஜபாண்டி படத்துக்கு முன்னால் பாய்ந்தார். "போடாத!"

"செத்தவ படத்துக்கு மாலை போடாமயா?"

"அவ செத்துட்டா. நா சாகலயே!"

மாலை படத்தைச் சுற்றி விழுந்தால் அவரையும் சேர்த்துத்தான் விழும். உயிரோடு இருப்பவன் படத்துக்கு மாலை போட்டால் அவன் வருடம் தாண்ட மாட்டான் என்பது மேலத்தெருவில் பிளக்ஸ் வைக்காமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மஞ்சள் காமாலை வந்தவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

"அப்ப அந்தப் பக்கம் மட்டும் போடு" என்றார் ஒருவர். ஒரு பக்கம் போட்டுப் பார்த்தபோது மாலை அந்தோணியார் தலையில் விழுந்தது. குழு உறுப்பினர்கள் நான்கு பேர் ஒரே நேரத்தில் "அய்யய்யோ" என்றார்கள்.

ராஜபாண்டி மேடை ஓரத்துக்கு ஓடிவந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தார். "சகாயம்! தாயி! ஒங்கிட்ட ஒரு கத்திரி இருக்குமா? ஓரத்துல நாலு வெரக்கட. என்னய மட்டும் எடுத்து விட்டுரு. மத்தவுக இருந்துட்டுப் போறாக."

"கேமராவே கொண்டாரல அண்ணே. கத்திரிக்கு எங்க போக?"

அய்யர் நேரமாகிறது என்றார். மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுபாஸ்ரீ மணவறைக்கு வெளியேதான் நின்றாள், இன்னும் உட்காரவில்லை. குங்குமத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தி, மொட்டைத்தலைதான் இருப்பதிலேயே பெரிய நெற்றி என்பதால் அதில் முதலில் வைக்கலாம் என்று விரலை நீட்டினாள்.

ராஜபாண்டி படத்தை நாற்காலியிலிருந்து பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"மாலையும் வேணாம், பொட்டும் வேணாம்! தாயி இல்லாத பொண்ணுக்குத் தாய்மாமந்தேன் படத்த ஏந்திக்கிட்டு நிக்கணும். எறக்கக்கூடாது. அதுதேன் நம்ம மொறை!"

அப்படி ஒரு முறை அதற்கு முன்னால் அந்தத் தெருவில் இருந்ததில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டி, "ஆமாமா, எங்க தாத்தா காலத்துலயும் ஏந்தித்தேன் நின்னாக" என்றார். பக்கத்திலிருந்தவரும் கண்டமனூர்ப் பக்கம் அப்படித்தான் என்றார். மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குத் தெரியாத ஒரு நுணுக்கமான சடங்கு என்று மரியாதையோடு விலகி நின்றார்கள். குழு உறுப்பினர்கள் தலைவரைப் பார்த்தார்கள். முறை என்று சொன்ன பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் கைகூப்பினார்கள்.

சுபாஸ்ரீ விழுந்து கும்பிட்டாள். அம்மாவைத்தான் பார்த்துக் கும்பிட்டாள். எழுந்து போய் மணவறையில் உட்கார்ந்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. ராஜபாண்டி மணமக்களுக்குப் பின்னால், மேடையின் நட்டநடுவில், விளக்கு வெளிச்சம் முழுவதும் தன்மேல் விழ, தங்கையையும் மெழுகுவத்தியையும் குடை பிடித்த சாமியாரையும் அந்தோணியாரையும் நெஞ்சுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்தது. இறக்கினால் யாராவது மாலையோடு வந்துவிடுவார்கள். தாலி கட்டியபோதும் நின்றார், மெட்டி போட்டபோதும் நின்றார், நானூற்றைம்பது பேரும் வரிசையாக வந்து மொய் எழுதிப் படம் எடுத்துக்கொண்டபோதும் நின்றார்.

லிங்கேஸ்வரன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துக் கையாட்டினான்.

"அண்ணே, கட்டவெரல கொஞ்சம் தள்ளுங்கண்ணே. படத்துல அந்தா சப்பரம் தூக்குறாரே, அந்த ஆளு மொகத்த மறைக்குது. யாருண்ணே அவுக, ஒங்க சொந்தமா?"

ராஜபாண்டி விரலை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"அது யாருமில்லப்பா. நீ எடு."